ஐந்தாவது ஆளுக்கு விட்ட இடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தேற்றாத்தீவில் வாவிப் பக்கமாக உள்ள ஒரு மைதானத்தில் நடந்த சம்பவம் இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் காது சூடாகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அன்று பிழை விட்டவன் நான்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பகலில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். மற்ற நேரமெல்லாம் அறிவிப்பாளன். எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, கலைவிழா, சாமத்தியச் சடங்கு எதுவென்றாலும் மைக் என் கையில்தான் இருக்கும். "இவருக்குச் சோறு இல்லாட்டியும் காரியமில்ல, மைக் வேணும்" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அது பொய்யில்லை.

இந்தத் தொழிலில் நான் படித்த பாடம் ஒன்றே ஒன்று. மேடையில் சத்தம் இல்லாமல் இருக்க விடக் கூடாது. ஐந்து வினாடி சும்மா விட்டால் சனம் கச்சான் கடலை வாங்க எழும்பிவிடும். பத்து வினாடி விட்டால் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிவிடும். அதனால் திரை சிக்கினால் நான் கதைப்பேன், பிரதம விருந்தினர் பிந்தினால் கதைப்பேன், கரண்ட் போனால் மைக் இல்லாமலே கதைப்பேன். இருபத்தாறு வருடமாக இதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஞாயிறு விளையாட்டுக் கழகத் தலைவர் என்னைக் கூப்பிட்டது ஒரு இசைக் குழுவுக்காக. எங்கள் பக்கத்துப் பொடியன்கள் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய குழு. கொழும்பில் வாசித்திருக்கிறார்கள், வெளிநாட்டுக்கும் போய் வாசித்திருக்கிறார்கள், சொந்த ஊரில் மட்டும் வாசித்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பதுதான் காரணம். அவர்களிடம் பாட்டுக்காரர் கிடையாது. வெறும் வாத்தியம்தான். சாக்ஸபோன், ட்ரம்பெட், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், கீபோர்ட். அதிலும் அவர்கள் வாசிப்பது எத்தியோப்பியா நாட்டு ஜாஸ் இசையைப் பின்பற்றிய ஒரு வகை. எங்கள் ஊர்த் திருவிழாவில் யார் இதைக் கேட்பார்?

எத்தியோப்பியாவுக்கும் மட்டக்களப்புக்கும் என்ன தொடர்பு என்று நீங்களும் கேட்பீர்கள், நானும் பிறகு கேட்டேன். கீபோர்ட் வாசித்தவர் கட்டாரில் ஐந்து வருடம் சாரதியாக இருந்தவர். அவரோடு ஒரே அறையில் இருந்தவர் ஒரு எத்தியோப்பியர். அந்த மனிதர் வேலை முடிந்து வந்து தன் நாட்டுப் பழைய இசையைத் தினமும் போட்டுக் கேட்பாராம். முதலில் சண்டை பிடித்த நம்மவர், பிறகு கேட்கத் தொடங்கி, பிறகு அது இல்லாமல் நித்திரை வராது என்ற நிலைக்கு வந்துவிட்டார். ஊருக்குத் திரும்பியதும் ஒரு கீபோர்ட் வாங்கி, மாதா கோயில் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்த பழைய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டார். குழு பிறந்த கதை இதுதான்.

அந்தக் கீபோர்ட்காரர் இந்த நிகழ்ச்சிக்கு முந்திய வருடம் காய்ச்சல் வந்து நாலாம் நாள் இறந்துபோனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் இறந்ததும், இனி நான் சொல்லப்போவதும் அன்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்த வேலை எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

அவர் உண்டாக்கிய மெட்டு ஒன்று இருந்தது. அதன் நடுவில் மற்ற நால்வரும் அப்படியே நிறுத்திவிடுவார்கள், அவர் தனியாக வாசிப்பார். ஒரு நாளைக்கு வாசித்தது போல் இன்னொரு நாள் வாசிக்கமாட்டார். எப்போது முடிப்பார் என்று கூட்டாளிகளுக்கே தெரியாதாம், அவர் தலையை நிமிர்த்தினால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவர் போன பிறகு அந்த மெட்டை அவர்கள் தொடவே இல்லை. அன்றுதான் முதல் தடவையாக வாசிப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். அவருடைய கீபோர்ட்டை மேடையில் அதன் இடத்திலேயே ஆள் இல்லாமல் வைத்து, அவர் வாசிக்கும் நேரத்தை வெறுமையாக விடுவது. பிறகு எப்போது திரும்பத் தொடங்குவது? அதற்கு ஒரே ஒருவருக்குத்தான் கணக்குத் தெரியும். அவருடைய மனைவிக்கு. வீட்டில் ஒவ்வொரு நாளும் அடுப்படியில் நின்று அதைக் கேட்டவர் அவர்தான். முன்வரிசையில் அவர் இருப்பார், மனதுக்குள் கணவரின் வாசிப்பு முடிந்ததும் தலையை நிமிர்த்துவார், குழு அவரைப் பார்த்துத் தொடங்கும்.

கணவர் போன பிறகு அவர் வாகரையில் உள்ள தாய் வீட்டோடு போய் இருந்தார். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கணவர் மேடையில் வாசித்து ஒருநாளும் பார்க்காதவர். திரும்பிப் போகக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் அந்த மெட்டை நாலாவதாகப் போட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொல்ல சாக்ஸபோன் வாசிக்கிற தம்பி நிகழ்ச்சிக்கு முதல் வந்தார்.

"அண்ணன், நாலாவது உருப்படியில ஒரு இடம் இரிக்கி. அதப் பத்தி ஒள்ளுப்பம், ரெண்டு வசனம்தான், சொல்லோணும்…"

"தம்பி, நான் மைக் பிடிச்சு இருபத்தாறு வருசம். நீங்க வாசிக்கிறதப் பாருங்க, கதைக்கிறத நான் பாத்துக்கொள்றன்."

"இல்ல அண்ணன், அது கதைக்கிறதப் பத்தித்தான்…"

"எல்லாம் எனக்கு விளங்கும். போங்க, சுறுக்கா ஆயத்தமாகுங்க."

அவர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் என் சேர்ட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேடைக்கு ஏறினேன்.

மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி மூன்றே முக்காலுக்குத் தொடங்கியது. மங்கல விளக்கு, வரவேற்பு, இரண்டு பேச்சு. இவற்றுக்கு நடுவில் நான். "மீன்பாடும் தேன்நாடாம் மட்டக்களப்பின் மைந்தர்கள்" என்றேன், "கடல் கடந்து கொடி நாட்டியவர்கள்" என்றேன். எத்தியோப்பிய ஜாஸ் என்பதை மட்டும் "ஆபிரிக்க நடன இசை" என்று மாற்றிச் சொன்னேன். அதுதான் சனத்துக்கு விளங்கும் என்பது என் எண்ணம். பேஸ் கிற்றார்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

முதல் உருப்படி தொடங்கியதும் சனத்துக்குக் குழப்பம். ஒருவர் எழும்பி நின்று, "பாட்டுக்காரர் எப்ப வாறாரு?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இரண்டாவது உருப்படியில் ஏதோ நடந்தது. சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் சேர்ந்து ஐந்தே ஐந்து சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. நம் கோயில் நாதஸ்வரத்தில் கேட்டது போலவே கிட்டத்தில் வரும், இந்தா பிடித்துவிட்டேன் என்று நினைக்கும்போது தெரியாத ஒரு பக்கம் திரும்பிவிடும். துக்கமா சந்தோசமா என்றும் சொல்ல ஏலாது. பின்னால் இருந்த கூத்தாடுகிற ஆட்கள் சிலர் தொடையில் தாளம் போடத் தொடங்கினார்கள். எனக்கும் பிடித்திருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். பிடித்ததால் ஒவ்வொரு உருப்படிக்கு நடுவிலும் இன்னும் கூடக் கதைத்தேன். அனுசரணையாளர்களுக்கு நன்றி சொன்னேன், மோட்டார் சைக்கிள்களைப் பாதையை விட்டு எடுக்கச் சொன்னேன். நாலாவது உருப்படி வரும்போது ஐந்து மணிக்குக் கொஞ்சம்தான் மிச்சம்.

முன்வரிசைக் கரையில் சாம்பல் நிறச் சேலையில் ஒரு பெண், மடியில் கைப்பையோடு, அடிக்கடி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அலுப்பாக்கும் என்று நினைத்தேன்.

நாலாவது மெட்டு மெதுவாகத் தொடங்கியது. ட்ரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டுக் கையால் தட்டினார். சனம் அசையவில்லை. பிறகு திடீரென்று, நால்வரும் ஒன்றாக, நிறுத்திவிட்டார்கள்.

ஒரு சத்தமும் இல்லை. வாவிப் பக்கமிருந்து காற்று வந்து பதாகையை அடித்தது. ஜெனரேற்றர் உறுமியது. நான் மேடையோரத்தில் நின்று எண்ணினேன். ஐந்து வினாடி. சாக்ஸபோன் தம்பி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். எட்டு வினாடி. ட்ரம்பெட்காரர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஆள் இல்லாத கீபோர்ட்டைப் பார்த்தேன். அட கடவுளே, கீபோர்ட்காரர் வரவில்லை, இவர்கள் மெட்டை மறந்துவிட்டார்கள், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பிள்ளைகளின் மானம் போகப்போகிறது!

காப்பாற்றத்தான் ஓடினேன், நம்புங்கள்.

"ஆஹா! மீன்பாடும் தேன்நாடே மெய்மறந்து நிற்கிறது! எங்கே, உங்கள் கரகோசத்தால் இந்த மைதானம் அதிரட்டும்! கலைஞர்களைப் பொன்னாடை போர்த்தி கௌரவிக்கக் கழகத் தலைவர் அவர்களை அன்போடு அழைக்கின்றோம்!"

சனம் கைதட்டியது. விசில் வேறு. கழகத் தலைவர் ஒன்றும் புரியாமல் பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஏறினார். நான் பெருமையோடு சாக்ஸபோன் தம்பியைப் பார்த்தேன். அவர் சாக்ஸபோனைக் கழற்றித் தாங்கியில் வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. மைக்குக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அண்ணன், அது அவர்ட இடம்."

பிறகு இரண்டு மூன்று வசனத்தில் எல்லாவற்றையும் சொன்னார். நான் முதலில் சொல்ல விடாத எல்லாவற்றையும். முன்வரிசையைப் பார்த்தேன். சாம்பல் சேலைக்காரரின் கதிரை வெறுமையாக இருந்தது.

மைக்கை யாரோ ஒருவரின் கையில் திணித்துவிட்டு ஓடினேன். இந்த உடம்போடு நான் ஓடியதைப் பார்த்து ரோட்டில் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று பயந்திருப்பார்கள். மெயின் ரோட்டு பஸ் தரிப்பிடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, என்னை மன்னிக்கோணும். எனக்குத் தெரியா…"

"பரவால்ல அண்ணன்" என்றார். அந்த "பரவால்ல"வில் ஒரு பரவாயில்லையும் இல்லை. அடுத்த கணம் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பஸ் மாறி வந்தன் அண்ணன். காலைச் சாப்பாடும் இல்லாம வந்தன். ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம். உங்களால அந்த வாயை வச்சுக்கொண்டு சும்மா இரிக்க ஏலாதா?"

"ஏலாது தங்கச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது? "சின்ன வயசில இருந்து ஏலாது. அது எனக்கு ஒரு வருத்தம், மருந்தில்லாத வருத்தம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்பி வாங்க தங்கச்சி. இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுவம்."

"பஸ் போயிடும். வாகரைக்கு மறுகா பஸ் இல்ல."

"கழகத் தலைவர்ட வான் இரிக்கி. அவர்ட மனுசியும் கூட வருவா. வீட்டு வாசல்ல இறக்கிவிடுறது என்ட பொறுப்பு."

இதைச் சொல்லும்போது தலைவரையும் கேட்கவில்லை, தலைவரின் மனைவியையும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்பவர்கள் இல்லை அவர்கள். தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் பஸ்ஸைப் பார்த்தார், மைதானத்தின் பக்கம் பார்த்தார். பஸ் தரிப்பிடத்தில் வந்து நின்றது. நடத்துனர் "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினார். அவர் ஏறவில்லை. மைதானத்துக்குத் திரும்பி நடந்தார். நான் நாலு அடி பின்னால் நடந்தேன்.

மைதானத்தில் குழு அடுத்த உருப்படியை வாசிக்கவில்லை. சும்மா நின்றார்கள். சாக்ஸபோன் தம்பியிடம் போய், திரும்ப வாசிப்பீர்களா என்று கேட்டேன். "அண்ணி வந்தா வாசிப்பம்" என்றார், கூட்டாளியின் மனைவியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணி கதிரையில் வந்து உட்கார்ந்ததைக் கண்டதும் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டினார்.

அன்று நான் செய்த கடைசி அறிவிப்பு என் வாழ்க்கையிலேயே ஆகச் சிறியது. தேன்நாடும் இல்லை, மைந்தர்களும் இல்லை. "நான் ஒரு பிழை விட்டுவிட்டேன். இந்தக் குழுவில் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. அவருக்காக ஓர் இடம் விட்டிருந்தார்கள், நான் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். திரும்ப வாசிப்பார்கள். சத்தம் நிற்கும்போது தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம்." சொல்லிவிட்டு மைக்கின் சுவிட்சை நிறுத்தி மேசையில் வைத்துவிட்டு, முடிந்தவரை தூரமாகப் போய் நின்றேன்.

மெட்டு திரும்பத் தொடங்கியது. அதே இடத்தில் நால்வரும் நிறுத்தினார்கள்.

இம்முறை நான் கீபோர்ட்டைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தலை குனிந்து, கைப்பையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம். தொண்டைக்குள் ஒவ்வொரு சொல்லாக வந்து முட்டியது, விழுங்கினேன். யாரோ ஒருவரின் தொலைபேசி அடித்து நின்றது. ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஒன்றரை நிமிடம். இரண்டு நிமிடம். சாக்ஸபோன் தம்பியின் விரல்கள் ஆயத்தமாக நின்றன, கண் அண்ணியின் மேலேயே. அவர் நிமிரவில்லை. என்னடா இது, மறந்துவிட்டாரா, மயங்கிவிட்டாரா? இருநூற்றுச் சொச்சம் சனம், எங்கள் ஊர்ச் சனம், கச்சான் வாங்கப் போகவில்லை, மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணவில்லை. பாட்டுக்காரர் எப்ப வாறார் என்று கேட்ட அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இருபத்தாறு வருடமாக நான் இவர்களைப் பற்றி நினைத்திருந்தது எல்லாம் பிழை.

மூன்று நிமிடத்துக்கும் மேலே போயிருக்கும். அவர் தலையை நிமிர்த்தினார். அந்தக் கணத்திலேயே நாலு பேரும் சேர்ந்து தொடங்கினார்கள். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் கைதட்டவில்லை. நான் சொன்னதற்காக இல்லை, அவர்களுக்குத் தோன்றவில்லை.

வானில் ஏற அவர் வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. குழுவில் நாலு பேரும் வந்து வழியனுப்பினார்கள். நானும் வாகரை வரை போவதென்று முன்பக்கம் ஏற இருந்தேன். வாய் சும்மா இருக்குமா? கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, உங்கட அவர் நல்லா நேரம் எடுத்துத்தான் வாசிப்பாரு போல" என்றேன்.

அவர் வானின் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

"இல்ல அண்ணன். அவர் எவ்வளவு நீட்டினாலும் ஒரு நிமிசத்தில முடிச்சிருவாரு. இண்டைக்கு நான்தான் விடல்ல."

வாகரை வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் பெண்கள் இருவரும் மெதுவாகக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் இதைச் சொன்னபோது முழுதும் நம்பினாள், வானில் நான் வாய் திறக்கவில்லை என்பதை மட்டும் இன்றைக்கும் நம்பவில்லை.

மைக்கை நான் விடவில்லை, அது என்னால் முடியாது. ஆனால் ஒரு கூட்டத்தில் சத்தம் நின்றால் இப்போது வினாடிகளை எண்ணுவதில்லை. இந்த அமைதியை இன்னும் விட மனமில்லாமல் யாராவது தலைகுனிந்து இருக்கிறார்களா என்று கதிரை கதிரையாகப் பார்க்கிறேன், இருந்தால் அவர்கள் நிமிரும் வரை நிற்கிறேன்.